தில்லைக்கும் கடலுக்கும் நடுவே

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. தில்லை எனப்படும் சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரைத் திருவிழாவின் நாட்கள். ஆடவல்லானான நடராசரைக் காண ஊர் ஊராக மக்கள் வந்து கூடும் காலம் அது. கோயிலிலிருந்து கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் கடல். அன்று காலை அந்தக் கடல் கரையேறியது. எம்.ஜி.ஆர். திட்டு, சின்னூர், புதுக்குப்பம், சாமியார்பேட்டை என்று தொடங்கி, வடக்கே கடலூரை ஒட்டிய சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, தேவனாம்பட்டினம் வரை எந்தக் குப்பத்தையும் அது விடவில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

கூத்தனுக்கு நன்றி சொல்லித் திருநீறு பூசிக்கொண்டவர்களும் பிள்ளையைத் தேடி மணலைக் கைகளால் தோண்டியவர்களும் ஒரே மாவட்டத்துக்காரர்கள். இரண்டு பேரும் கும்பிடும் சாமிகூடப் பல வீடுகளில் ஒன்றுதான். இத்தனை துயரத்தை வைத்துக்கொண்டு வாழ்க்கைக்கு நன்றி சொல்ல முடியுமா, சொன்னால் அதற்கு என்ன பொருள், சொல்ல மறுத்தால் நம்பிக்கை போய்விட்டது என்றாகுமா? இந்தக் கேள்வி சுனாமியோடு பிறந்தது அல்ல. பெண்ணையாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்தச் சிறிய நிலம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதோடு மல்லுக்கட்டி வருகிறது. இங்கே எழுந்த விடைகள் ஒரே மாதிரியானவை அல்ல. சில ஒன்றையொன்று மறுப்பவை. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கலாம்.

பழக்கமான ஒரு வழியை முதலில் பேசிவிடுகிறேன். இன்பங்களை ஒரு பக்கமும் துன்பங்களை ஒரு பக்கமும் எழுதிப் பார், இன்பமே அதிகம் என்று தெரியும், ஆகவே நன்றியோடு இரு என்பது அந்த வழி. இதற்கு ஆராய்ச்சித் துணையும் உண்டு. 2003-இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு குழுவினரை நன்றிக்குரியவற்றையும் மற்றொரு குழுவினரை எரிச்சலூட்டியவற்றையும் குறித்துவரச் செய்தார்கள். நன்றிக்குரியதைக் குறித்தவர்கள் மனத்தளவில் மேலாக இருந்தார்கள். நரம்புத் தசை நோயால் அவதிப்படுவோரிடமும் இது ஓரளவு பலித்தது. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றாடச் சலிப்புக்கு இது நல்ல மருந்து. ஆனால் மூன்று பிள்ளைகளில் இரண்டைப் பறிகொடுத்த தாயிடம் போய் மிச்சமிருக்கும் ஒன்றை எண்ணிப்பார் என்று சொல்ல யாருக்கு நா எழும்? பிள்ளைகளைக் கூட்டிக் கழிக்க முடியாது. கணக்கு நின்றுபோகும் இடத்தில்தான் நம்முடைய கேள்வியே தொடங்குகிறது.

திருவாமூர் இன்று பண்ருட்டி வட்டத்தில் உள்ள ஊர். ஏழாம் நூற்றாண்டில் அங்கே புகழனார், மாதினியார் வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவர் திலகவதியார், இளையவர் பின்னாளில் அப்பர் என்று நாம் அழைக்கும் மருள்நீக்கியார். அப்பரின் கதையை எல்லோரும் சூலை நோயிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு அது திலகவதியாரிடம் தொடங்குவதாகவே படுகிறது. தந்தை இறக்கிறார், தாயும் உடன் போகிறார். திலகவதிக்குப் பேசிவைத்த கலிப்பகையார் போர்க்களத்தில் மடிகிறார். தானும் உயிர்விடத் துணிந்த அந்தப் பெண், தம்பி காலைப் பிடித்து அழுததால் உயிரோடு இருக்கிறார். அந்தத் தம்பியும் பிறகு வேறு சமயம் தேடிப் போய்விடுகிறார். எண்ணிப் பார்த்தால் அவர் பக்கம் ஒன்றுமே மிச்சமில்லை. அவர் திருவதிகைக்குப் போய் வீரட்டானக் கோயிலில் அலகிடுகிறார், மெழுகுகிறார், பூ தொடுக்கிறார். பெரிய புராணத்தில் சேக்கிழார் இதைச் சொல்லும் விதத்தில் எந்த ஆரவாரமும் கிடையாது. துன்பத்துக்குக் காரணம் என்ன என்று திலகவதியார் எங்கும் விளக்கம் சொல்வதில்லை. விடியற்காலையில் எழுந்து வேலையைப் பார்க்கிறார்.

தம்பியோ பாடலிபுத்திரத்துச் சமண மடத்தில் தருமசேனராகப் பெரும் பெயர் பெற்றவர். இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர்தான் அந்தப் பாடலிபுத்திரம் என்பார்கள். வயிற்றில் சூலை கண்டு, மருந்தும் மந்திரமும் பலிக்காமல், இரவோடு இரவாக அக்காளிடம் ஓடி வருகிறார். அவர் கையால் திருநீறு வாங்கிக்கொண்டு கெடிலக் கரைக் கோயிலில் நின்று பாடுகிறார். அந்த முதல் பதிகத்தை நன்றிப் பாடல் என்று நினைத்துக்கொண்டு போகிறவருக்கு அங்கே ஒரு முறையீடு காத்திருக்கிறது. வலி தாங்கவில்லை, ஏன் இன்னும் விலக்காமல் இருக்கிறாய், நான் செய்த கொடுமை என்னவென்று எனக்கே தெரியவில்லையே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்கும் ஒருவரின் குரல் அது. தேவாரத்தில் அப்பருடைய பங்கு இந்தப் புகாரிலிருந்து தொடங்குகிறது. நன்றி வந்தது, ஆனால் பின்னால்தான் வந்தது. அந்தச் சூலை தன்னை ஆட்கொள்ள வந்த அருள் என்று பிற்பாடு அவர் உணர்ந்ததாக மரபு சொல்கிறது. தன் வயிற்றுவலியைப் பற்றி அப்படிச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

அப்பர் விட்டுவந்த மடத்தையும் இங்கே நினைக்க வேண்டும். 458-ஆம் ஆண்டைக் குறிக்கும் லோகவிபாகம் என்ற சமண நூல் இந்தப் பாடலிபுத்திரத்தில் எழுதப்பட்டதாகப் பல அறிஞர்கள் கருதுகிறார்கள். சமணத்தில் உலகைப் படைத்தவன் என்று ஒருவன் கிடையாது. துன்பம் வினையால் வருவது, தவத்தால் கழிவது. ஆகவே மேலே பார்த்துத் திட்டவும் ஆள் இல்லை, கும்பிடவும் ஆள் இல்லை. நன்றி என்று ஒன்று இருந்தால் அது வழிகாட்டிய ஆசானுக்கும் சோறிட்ட கைக்கும் உரியது. நேர்மையான விடை இது. ஆனால் இரவில் வயிறு பற்றி எரியும்போது யாரையாவது கூப்பிடத் தோன்றுகிறதே, அந்தக் கூப்பாட்டுக்கு அங்கே இடம் இல்லாமல் போயிற்று. அப்பர் திரும்பி வந்ததன் காரணத்தில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன்.

சைவம் தன் விடையைத் தத்துவமாகக் கட்டியதும் இதே வட்டாரத்தில்தான். பெண்ணாகடத்தில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், திருத்துறையூர் அருணந்தி சிவம், மறைஞான சம்பந்தர், சிதம்பரத்துக் கொற்றவன்குடி உமாபதி சிவம் ஆகிய சந்தான குரவர் நால்வரும் இந்தச் சுற்றுப்புறத்துக்காரர்கள். மெய்கண்டாரின் மாணவரான திருவதிகை மனவாசகங் கடந்தார், உண்மை விளக்கத்தில் தில்லைக் கூத்துக்குப் பொருள் சொன்னார். துடியில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, தீயில் அழிப்பு, தூக்கிய பாதத்தில் அருள். ஊன்றிய பாதத்தில் மறைப்பு. இந்த மறைப்புதான் நம் கேள்விக்கு முக்கியம். இறைவன் தன்னை ஒளித்துக்கொள்வதும் ஓர் அருளே, உயிர் பக்குவப்படும்வரை உலகத்தின் இன்ப துன்பங்களில் அது உழலட்டும் என்று விடும் அருள் அது என்கிறது சைவ சித்தாந்தம்.

அருணந்தி சிவம் சிவஞான சித்தியாரில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சொல் கேளாத பிள்ளையை அடிக்கும் தாய் தந்தையையும் நோயைத் தீர்க்க அறுத்துக் கீறும் மருத்துவனையும் காட்டி, இறைவன் தரும் துன்பமும் கருணைதான் என்று நிறுவுகிறார். மறக்கருணை என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். மிகக் கூர்மையான சிந்தனை, மறுப்பதற்கு இல்லை. உமாபதி சிவம் தில்லை அந்தணர்களால் ஒதுக்கிவைக்கப்பட்டு, ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் இருந்து எழுதியவர் என்பது மரபு. துன்பத்தை அறியாதவர்களின் தத்துவம் இல்லை இது.

ஆனாலும் என் மனத்தடை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். மறக்கருணை என்ற சொல், துன்பப்பட்டவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது மட்டுமே உண்மையாகிறது. பக்கத்தில் நிற்பவர் அதே சொல்லை எடுத்து அவர்மேல் வைக்கும்போது அது கொடுமையாக மாறிவிடுகிறது. என் வலி எனக்குப் பாடம் என்று நான் சொல்லலாம். உன் பிள்ளையின் சாவு உனக்குப் பாடம் என்று சொல்லும் வாய் அழுகிப்போகட்டும். சித்தாந்த நூல்கள் இந்த வேறுபாட்டை வெளிப்படையாகப் பேசுவதில்லை. சுனாமிக்குப் பிறகு, கடலோரத்து மக்களின் பாவம்தான் காரணம் என்று பேசினவர்கள் எல்லாச் சமயத்திலும் இருந்தார்கள். 1755 நவம்பர் 1-ஆம் தேதி, புனிதர் அனைவரின் திருநாளில், மாதாகோயில்கள் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பன் நகரை நிலநடுக்கம் சாய்த்தபோதும் அப்படிப் பேசினார்கள். நடப்பதெல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தை வால்டேர் தாக்கி எழுதியதற்கு அந்த அழிவே தூண்டுதல். அவருடைய கோபம் நியாயமானது.

கோபத்துக்கு நம் மரபிலும் இடம் உண்டு. சுந்தரர் கண்ணிழந்தபோது இறைவனிடம் பணிந்து கேட்டதோடு நிறுத்தவில்லை, முகத்துக்கு நேரே ஏசினார். அந்த ஏச்சும் திருமுறையில் சேர்ந்திருக்கிறது, கோயில்களில் பண்ணோடு பாடப்படுகிறது. வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரம் எழுதினவர். அவரே இரவச்சத்தில், பிச்சையெடுத்துத்தான் உயிர்வாழ வேண்டுமென்றால் இந்த உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபிக்கிறார். இரண்டும் ஒரே மனிதரின் குரல் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1906-இல் இதே திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன், கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் கதையில் கடவுளைச் சென்னைத் தெருவுக்கு இறக்கிக் கொண்டுவந்து, காபி குடிக்க வைத்து, பிழைப்பு என்றால் என்னவென்று காட்டினார். அங்கே கடவுளின் கூத்துக்குக்கூட மதிப்பு இல்லை. நம்பிக்கையற்றவரின் கிண்டல் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. மனிதன் படும் பாட்டைக் கடவுள் ஒரு நாளாவது நேரில் பார்க்கட்டும் என்ற ஆதங்கம் கதை முழுக்க ஓடுகிறது. ஏசுகிறவன் எதிரே ஒருவன் இருப்பதாக எண்ணித்தான் ஏசுகிறான்.

மறுபடி கடற்கரைக்கு வருவோம். கடலூரை அடுத்துக் கரையேறவிட்ட குப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் மிதந்து கரையேறினார் என்ற நினைவைத் தாங்கிய பெயர் அது. ஒருவரைக் கரைசேர்த்ததற்காக இந்தக் கடலை வாழ்த்தும் ஊர்களும் அதே கடலிடம் பிள்ளைகளை இழந்த ஊர்களும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. தப்பித்தவர்கள் அன்று, சாமி புண்ணியத்தில் பிழைத்தோம் என்றார்கள். அப்படிச் சொன்னதில் தவறே இல்லை, மூச்சு திரும்பிய மனிதன் வேறு எதைச் சொல்வான்? ஆனால் அந்தச் சொல் பக்கத்து வீட்டுக் காதில் விழும்போது, அப்படியானால் எங்களை ஏன் அந்தச் சாமி விட்டுவிட்டது என்ற கேள்வியாகிவிடுகிறது. நான் அறிந்தவரை கடற்கரை மக்கள் இதை யாரும் சொல்லித்தராமலே புரிந்துகொண்டார்கள். தங்கள் பிழைப்பை உரக்கக் கொண்டாடவில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று கூடி, கடலில் பால் ஊற்றிப் பூத் தூவுகிறார்கள். இழந்தவர் பிழைத்தவர் என்ற பிரிவு அந்தக் கூட்டத்தில் தெரிவதில்லை. பிள்ளையைக் கொண்டுபோன அதே தண்ணீரில்தான் மறுபடி தொழிலுக்கும் போகிறார்கள். அவர்கள் கடலை மன்னித்துவிட்டார்கள் என்றெல்லாம் வெளியூர்க்காரர்கள் எழுதுவதுண்டு. அவ்வளவு சுலபமான விஷயமாக எனக்குத் தெரியவில்லை. வேறு பிழைப்பு இல்லை என்பதும் அதில் இருக்கிறது.

அந்த நாட்களில் பரங்கிப்பேட்டை ஜமாஅத் செய்ததை இந்தப் பகுதி மறக்காது. ஓடிவந்த மீனவக் குடும்பங்களுக்குத் தங்க இடமும் சோறும் துணியும் அங்கே கிடைத்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். இஸ்லாமிய மரபு ஸப்ர் என்னும் பொறுமையையும் ஷுக்ர் என்னும் நன்றியையும் பிரிக்க முடியாத இணையாகப் பேசும். துன்பம் வந்தால் ஒன்று, இன்பம் வந்தால் மற்றது. அன்று பரங்கிப்பேட்டையில் தப்பித்தவர்களின் ஷுக்ர், அடுத்தவரின் ஸப்ருக்குச் சோறாக மாறியது. சற்றுத் தள்ளியுள்ள கிள்ளையில் மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கடலாட வரும்போது தர்காவில் முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்கிறார்கள். பேரிடர் நாளில் பிறந்த உறவு அல்ல அது, முன்பே இருந்தது.

நன்றி மரங்களுக்கும் சொல்லப்பட்டது. பிச்சாவரத்துச் சுரபுன்னையும் கண்டலும் பின்னாலிருந்த ஊர்களைக் காத்தன என்று மக்கள் சொன்னார்கள். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் க. கதிரேசன், 18 குடியிருப்புகளை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட கட்டுரையும் அதையே சொன்னது. அடுத்த ஆண்டு வேறு சில ஆய்வாளர்கள் அதே தரவுகளை எடுத்து, நிலத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவும்தான் பெரும்பாலும் காரணம் என்று வாதிட்டார்கள். இந்த விவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. எது காத்தது என்று சரியாகத் தெரிந்துகொள்வதும் நன்றியின் ஒரு பகுதிதான். அடுத்த முறை எந்தக் குடிசையை எங்கே கட்டுவது என்பது அந்தத் தெளிவைப் பொறுத்தது.

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பண்ருட்டிச் சீமையின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அப்பன் பாட்டன் வைத்த மரங்கள். அங்குள்ள விவசாயிகள் மறுபடி கன்று வைத்தார்கள். பலன் தனக்கா பேரனுக்கா என்று கேட்டுக்கொண்டு பலா வைப்பவர் யாரும் இல்லை.

இதுவரை பேசியவை நோயும் கடலும் காற்றும் தந்த துன்பங்கள். மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமைக்கு இவற்றுள் எந்த விடையும் பொருந்தாது. நந்தனாரின் கதை சிதம்பரத்தில்தான் முடிகிறது. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கியவர், தில்லை எல்லையை வலம்வந்தும் உள்ளே நுழைய முடியாமல், கடைசியில் தீயில் மூழ்கி எழுந்தார் என்கிறது பெரிய புராணம். அவருடைய பக்தியைப் பார்த்து உருகுவது எளிது. ஆனால் அவரை வெளியே நிறுத்தியது இறைவனின் மறைப்பு அல்ல, சாதி. அதை அருள் என்று சொல்ல எந்தச் சாத்திரத்துக்கும் உரிமை இல்லை. 1890-இல் பிறந்த சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்துக்கு வந்து, 1916-இல் நந்தனார் பெயரிலேயே கல்விக் கழகம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் படிக்க வைத்தார். சட்டமன்றத்திலும் அவர்களுக்காகப் பேசினார். நந்தனாருக்கு இந்த ஊர் செலுத்திய உருப்படியான நன்றி அந்தப் பள்ளிதான். சகஜானந்தர் துறவி, ஆழ்ந்த நம்பிக்கை உடையவர். கும்பிட்டுக்கொண்டே அநியாயத்தை எதிர்க்க முடியும் என்பதற்கு இந்த ஊரில் அவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக வடலூர். வள்ளலார் 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார். சித்தாந்தம், தேவாரம், திருவாசகம் எல்லாவற்றிலும் ஊறியவர். பசிக்கு ஏன் என்ற காரணத்தை அவரும் வினையிலிருந்துதான் சொல்கிறார். ஆனால் காரணம் சொல்லிவிட்டு நிற்கவில்லை. ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் ஒரு தடையை அவரே எழுப்புகிறார். முற்பிறவிக் குற்றத்துக்காகக் கடவுள் தண்டனையாகப் பசியைக் கொடுத்திருந்தால், சோறிடுவது கடவுள் கட்டளைக்கு விரோதம் ஆகாதா? ஆகாது என்கிறார். அரசன் கொடிய குற்றவாளிகளைச் சிறையில் அடைத்தாலும், தன் ஆட்களைக் கொண்டு அவர்களுக்கும் ஆகாரம் கொடுக்கச் செய்கிறானே என்பது அவர் பதில். வினைக் கோட்பாட்டை அவர் மறுக்கவில்லை. பசித்தவனைப் பார்த்துக் கை கட்டி நிற்பதற்கு அது சாக்காக முடியாதபடி செய்துவிட்டார். நூற்றாண்டுகளாக அடுத்தவர் துன்பத்துக்கு விளக்கம் சொல்லிவந்த ஒரு மரபு, இந்த இடத்தில் எழுந்து அடுப்படிக்குப் போகிறது.

1867 மே 23 அன்று, வடலூர் மக்கள் தந்த நிலத்தில், சத்திய தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார். 1866-இன் பஞ்சம் ஊரை வாட்டியிருந்த சமயம் அது. அவருடைய பாடல்களை அருட்பா என்பதா என்ற விஷயத்தில் அவரோடு மோதி, 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை வந்த யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், 1870-களின் பிற்பகுதியில் தம் ஊரைப் பஞ்சம் பிடித்தபோது கஞ்சித்தொட்டி தருமம் நடத்தினார். எந்தப் பாட்டு அருட்பா என்பதில் ஒத்துப்போகாத இருவரும் பசித்தவர் முன்னால் ஒரே வேலையைத்தான் செய்தார்கள்.

வடலூர் அடுப்பு அன்றிலிருந்து அணையவில்லை. தருமச்சாலைக்கு அரிசி மூட்டையோடு வருகிறவர்களில் குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் வருகிறவர் உண்டு, திருமண நாளுக்கு வருகிறவர் உண்டு, மகன் இறந்த திதிக்கு வருகிறவரும் உண்டு. எல்லா அரிசியும் ஒரே உலையில்தான் கொதிக்கிறது. சாப்பிட உட்காருகிறவரிடம் ஊர், சாதி, சமயம் எதையும் கேட்பதில்லை.